24 பிட் என்று எழுதியிருந்தால் போதுமா? உடலின் மின்சாரத்தை அளக்கக் கருவி வாங்குமுன்

"மாமா, என் இதயம் நிமிஷத்துக்கு மூவாயிரம் தடவை துடிக்குதாம்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகள் போன் செய்தாள். பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், கடைசி வருஷ புராஜெக்ட். ஈசூனில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் சார்ஜரில் செருகிய மடிக்கணினி. பக்கத்தில் இணையத்தில் வாங்கிய ஒரு பலகை, அதன் பெட்டியில் கொட்டை எழுத்தில் "24 பிட்". அதிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்பி அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் ஒட்டியிருந்தன. கூடவே வந்த மூன்றாவது ஒயர் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. திரையில் அழகான, ஒரே சீரான அலை.

மூவாயிரத்தை அறுபதால் வகுத்தால் ஐம்பது. சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 50 முறை ஏறி இறங்குவது. பிள்ளை இவ்வளவு நேரம் அளந்துகொண்டிருந்தது சுவருக்குள் ஓடும் மின்சாரத்தை.

"24 பிட்டுதானே மாமா வாங்கினேன், அப்புறம் ஏன்?" என்றாள். இந்தக் கேள்வியைப் பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேமரா வாங்கும்போது மெகாபிக்சலை மட்டும் பார்ப்பது போல, உடல் மின்சாரத்தை அளக்கும் கருவி வாங்கும்போது பிட் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார்கள். விற்பவர்களும் அதைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். பிட் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் கட்சி. முதலில் எதைப் பார்ப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எவ்வளவு சின்னது இந்த மின்சாரம்?

நரம்பும் தசையும் வேலை செய்யும்போது செல்லின் உள்ளும் புறமும் சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) நகர்கின்றன. லட்சக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் இதைச் செய்தால் அதன் மங்கலான தடயம் தோல்வரை வந்து சேரும். தோலில் எலெக்ட்ரோடு ஒட்டி நாம் பிடிப்பது அந்தத் தடயத்தைத்தான். எலெக்ட்ரோடு என்பது உடலையும் ஒயரையும் இணைக்கும் ஒட்டுமுனை.

டிவி ரிமோட்டில் போடும் பேட்டரி 1.5 வோல்ட். இதயத்தின் சிக்னல் தோலில் ஏறக்குறைய 1 மில்லிவோல்ட், பேட்டரியில் 1,500இல் ஒரு பங்கு. மூளையின் சிக்னல் அதைவிட மெல்லியது, 10 முதல் 100 மைக்ரோவோல்ட் (ஒரு மைக்ரோவோல்ட் என்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 50 மைக்ரோவோல்ட் என்று வைத்தால் அதே பேட்டரியில் 30,000இல் ஒரு பங்கு. தசையின் சிக்னல் இறுக்கத்தைப் பொறுத்தது. லேசாக விரலை அசைத்தால் சில பத்து மைக்ரோவோல்ட், முஷ்டியை இறுக்கினால் சில மில்லிவோல்ட்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதய மின்வரைவை எடுத்த கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. அளக்கப்படுகிறவர் இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிரம்பிய ஜாடிகளில் விட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அந்த ஜாடிகள்தான் அன்றைய எலெக்ட்ரோடு. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்சாரத்தை முதன்முதலில் பதிவு செய்தார். அப்போது பிட்டும் இல்லை, கணினியும் இல்லை. தோலுக்கும் ஒயருக்கும் நடுவில் நல்ல தொடர்பு மட்டும் இருந்தது.

நகைக்கடைத் தராசும் லாரித் தராசும்

சிராங்கூன் சாலையில் நகை வாங்கியவர்களுக்கு அந்தக் கண்ணாடிக் கூண்டுத் தராசு தெரியும். மோதிரத்தை வைத்தால் கிராமின் சிறு பங்குவரை காட்டும். அதே மோதிரத்தைத் துவாஸ் பக்கம் லாரியை ஏற்றி நிறுக்கும் எடைமேடையில் வைத்தால்? முள்ளே அசையாது. மேடையில் பழுதில்லை. அது டன் கணக்கில் நிறுக்கச் செய்தது.

அளவுக்கருவிக்கும் இப்படி ஒரு வீச்சு உண்டு. எத்தனை வோல்ட்வரை தாங்கும் என்பது அது. அந்த வீச்சை எத்தனை படிகளாக நறுக்குகிறது என்பதைத்தான் பிட் சொல்கிறது. பிட் ஒன்று கூடினால் படிகள் இரட்டிப்பாகும். 10 பிட் என்றால் 1,024 படி, 16 பிட் என்றால் 65,536, 24 பிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம். வோல்ட்டை இப்படி எண்ணாக மாற்றும் சில்லுக்கு ஏடிசி என்று பெயர்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வைத்திருக்கும் அர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினிப் பலகையை எடுத்துக்கொள்வோம். 5 வோல்ட் வீச்சு, 10 பிட். ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். இதயத்தின் 1 மில்லிவோல்ட் அதில் ஒரு படிக்குக்கூடக் காணாது. சரி, தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் 16 பிட் பெட்டி? பிளஸ் மைனஸ் 10 வோல்ட் வீச்சில் ஒரு படி 0.3 மில்லிவோல்ட். இதயத் துடிப்பு மூன்று படி ஏறி இறங்கும். ஒரு முகத்தை மூன்று புள்ளிகளால் வரைந்த மாதிரி இருக்கும்.

இதற்கு வழி இரண்டு. படிகளைப் பொடியாக நறுக்கலாம், அதாவது பிட்டைக் கூட்டலாம். அல்லது ஏடிசிக்குப் போகும் முன்பே சிக்னலை ஆயிரம் மடங்கு பெருக்கிவிடலாம். ஆயிரம் மடங்கு பெருக்கிய இதயம் 1 வோல்ட். இப்போது பாவப்பட்ட 10 பிட் அர்டுயினோவுக்கே 200 படி கிடைக்கிறது. ஏடிசிக்கு முன்னால் நின்று பெருக்கும் இந்தப் பகுதிக்கு முன்பெருக்கி என்று பெயர் வைத்துக்கொள்வோம். கருவியின் தலையெழுத்தை எழுதுவது அதுதான்.

மின்விசிறிக் காற்று

நகைக்கடைத் தராசுக்குக் கண்ணாடிக் கூண்டு ஏன்? மேலே சுற்றும் மின்விசிறிக் காற்று பட்டாலே கடைசி இலக்கம் ஆடும். எதுவும் வைக்காதபோதே எண் ஆடிக்கொண்டிருந்தால் அந்த இலக்கம் இருந்தும் பயனில்லை.

கருவிக்குள்ளும் இந்த ஆட்டம் உண்டு, இரைச்சல் என்போம். உள்ளீட்டு முனைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டாலும் எண் பூஜ்யத்தில் நிற்காது. அந்த ஆட்டம் எத்தனை மைக்ரோவோல்ட்டுக்குச் சமம் என்பதைத் தரவுத்தாளில் (கருவியின் எண்களையெல்லாம் பட்டியல் போட்டுத் தயாரிப்பாளர் தரும் தாள்) தேடிப் பாருங்கள். மூளை சிக்னலுக்கென்றே டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த ஏடிஎஸ்1299 என்ற சில்லில் அது ஏறக்குறைய 1 மைக்ரோவோல்ட், உச்சியிலிருந்து பள்ளம்வரை. அதுவும் 24 பிட் சில்லுதான். 12 மடங்கு பெருக்கத்தில் அதன் வீச்சு பிளஸ் மைனஸ் 375 மில்லிவோல்ட், ஒரு படி 0.045 மைக்ரோவோல்ட். ஆட்டமோ ஒரு மைக்ரோவோல்ட். கணக்குப் போட்டால் உண்மையில் நம்பக்கூடியது ஏறக்குறைய 19, 20 பிட். மிச்ச நான்கும் காற்றில் ஆடும் இலக்கங்கள். இந்த வேலைக்கு இது மிக நல்ல சில்லு. அதிலேயே கதை இப்படி. இரைச்சல் அளவைச் சொல்லாமல் 24 பிட் என்று மட்டும் சொல்லும் பலகையை என்ன சொல்வது?

பெட்டியோடு மோதிரம்

அப்படியானால் 24 பிட் வெறும் விளம்பரமா? அதுவும் இல்லை. அதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு, ஆனால் பெட்டியில் அச்சடிக்கும் காரணம் அல்ல.

உலோகமும் உப்பு ஈரமும் சந்திக்கும் இடத்தில் தானாக ஒரு சின்ன பேட்டரி உருவாகும். எலெக்ட்ரோடும் வியர்வையும் சந்திக்கும் இடமும் அப்படித்தான். இரண்டு எலெக்ட்ரோடும் ஒரே மாதிரி இருந்தால் இந்த இரண்டு குட்டி பேட்டரிகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துவிடும். முழுதாகக் கழியாது. மிஞ்சும் நிலையான வோல்ட்டேஜுக்கு ஆஃப்செட் என்று பெயர். மருத்துவக் கருவிகள் பிளஸ் மைனஸ் 300 மில்லிவோல்ட்வரை ஆஃப்செட்டைத் தாங்க வேண்டும் என்று வைத்தே வடிவமைக்கிறார்கள்.

மோதிரத்தை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு நிறுக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? பெட்டி 300, மோதிரம் 1. மூளை சிக்னலில் நிலைமை இன்னும் மோசம், பெட்டி 6,000, மோதிரம் 1. இப்போது ஆயிரம் மடங்கு பெருக்கினால் பெட்டியும் சேர்ந்து பெருகும். 300 மில்லிவோல்ட் 300 வோல்ட் ஆக வேண்டும். 5 வோல்ட் சர்க்யூட்டில் அது நடக்காது. திரையில் கோடு மேலே போய் ஒட்டிக்கொண்டு அசையாது. "போர்டு செத்துப்போச்சு" என்று பலர் சொல்வது இதைத்தான்.

இங்கேதான் கருவிகள் இரண்டு குலமாகப் பிரிகின்றன. ஒன்று, பெட்டியை முதலிலேயே கழித்துவிட்டு மோதிரத்தை மட்டும் பெருக்குவது. நிலையான வோல்ட்டேஜை விடாமல் மாறும் சிக்னலை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று நடுவில் இருக்கும். அனலாக் டிவைசஸின் ஏடி8232 இந்த வகை. 10, 12 பிட் ஏடிசியே இதற்குப் போதும். இன்னொன்று, கொஞ்சமாகப் பெருக்கி, பெட்டியையும் மோதிரத்தையும் சேர்த்தே நிறுத்துவிட்டு, கணக்கில் பின்னால் பெட்டியைக் கழிப்பது. இவ்வளவு பெரிய பெட்டியைத் தாங்கிக்கொண்டே மோதிரத்தின் பொடி எடையையும் காட்ட வேண்டுமென்றால் படிகள் கோடிக்கணக்கில் வேண்டும். 24 பிட் வருவது இதற்காக.

இதே இடத்தில் ஓர் ஓரக்குறிப்பு. சில வெள்ளிக்குக் கிடைக்கும் எச்எக்ஸ்711 என்ற 24 பிட் சில்லை மலிவாக இருக்கிறதே என்று இதயத்துக்கு மாட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது நிஜமாகவே தராசுக்குச் செய்த சில்லு. 128 மடங்கு பெருக்கத்தில் வீச்சு பிளஸ் மைனஸ் 20 மில்லிவோல்ட், நொடிக்கு அதிகபட்சம் 80 அளவு. கொஞ்சம் பெரிய ஆஃப்செட் வந்தாலே நிரம்பிப்போகும். சமையலறைத் தராசில் அது நன்றாக உழைக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பிட் என்பது படியின் எண்ணிக்கை. படி எவ்வளவு பொடி என்பதை வீச்சும் பெருக்கமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எத்தனை படியை நம்பலாம் என்பதை இரைச்சல் சொல்கிறது. ஆஃப்செட்டை எங்கே கழிக்கிறது என்பதை வைத்துக் கருவியின் வகையைக் கண்டுபிடிக்கலாம். அக்கா மகளின் மூவாயிரத்துக்கு இன்னும் விடை வரவில்லை.

மின்தூக்கிக்குள் இருவர்

அறையில் ஓடும் ஒயருக்கும் உங்கள் உடலுக்கும் நடுவில் காற்றுதான் இருக்கிறது. ஆனாலும் மாறுமின்சாரம் அந்த இடைவெளியைக் கொஞ்சம் தாண்டும். இரண்டு கடத்திகளுக்கு நடுவில் இடைவெளி இருந்தால் அது ஒரு மின்தேக்கி. சாதாரணமாகப் பாடத்தில் எடுத்துக்கொள்ளும் கணக்கு, மின்கம்பிக்கும் உடலுக்கும் 3 பிகோஃபாரட் (மின்தேக்கியை அளக்கும் அலகு), உடலுக்கும் தரைக்கும் 300. நூற்றில் ஒரு பங்கு உடலில் தங்கும். 230 வோல்ட்டில் நூற்றில் ஒன்று, இரண்டு வோல்ட்டுக்கு மேல். சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் உடம்பு முழுவதும் 50 ஹெர்ட்ஸில் இரண்டு வோல்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. தேடுவதோ அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கை.

இதைச் சமாளிக்கும் தந்திரம் எளிது. அப்பாவும் மகனும் மின்தூக்கியில் நிற்கிறார்கள். தூக்கி 2ஆம் மாடியில் நின்றாலும் 12ஆம் மாடியில் நின்றாலும் இருவருக்கும் உள்ள உயர வித்தியாசம் மாறாது. ஒவ்வொருவர் தலையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தால் மாடிக்கணக்குதான் தெரியும். ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலையைக் கழித்தால் மாடி மறைந்துபோகும். இரண்டு எலெக்ட்ரோடு வைப்பது இதற்காகத்தான். 50 ஹெர்ட்ஸ் இரண்டு கையையும் சேர்த்துத் தூக்குகிறது, இதயம் மட்டும் இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் உண்டாக்குகிறது. இரண்டுக்கும் பொதுவாக வருவதற்குக் காமன் மோட் என்று பெயர்.

எந்தக் கழித்தலும் சுத்தமாக இராது. பொதுவாக வருவதை எத்தனை பங்காகக் குறைக்கிறது என்பதைச் சிஎம்ஆர்ஆர் என்ற எண் சொல்லும், டெசிபெல் கணக்கில். 80 டெசிபெல் என்றால் பத்தாயிரத்தில் ஒன்று, 100 என்றால் லட்சத்தில் ஒன்று. பொதுவாக 1 வோல்ட் வருகிறது என்றால் 80இல் 100 மைக்ரோவோல்ட் ஒழுகும். இதயத்தோடு அது பத்தில் ஒரு பங்கு, பொறுத்துக்கொள்ளலாம். மூளையோடு? சிக்னலே மூழ்கிவிடும். 100 டெசிபெல்லில் 10 மைக்ரோவோல்ட்தான் ஒழுகும். மூளைக்கு 100க்குக் குறைந்து பார்க்காதீர்கள்.

ரசத்தை மொண்டுகொள்ளும் கரண்டி

என்னைக் கேட்டால் தரவுத்தாளில் முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான். பெரும்பாலானோர் பார்க்காமலே தாண்டிப் போகும் வரியும் இதுதான்.

சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ரசம் இருக்கிறது. உப்பு சரியா என்று பார்க்க வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தால் போதும். குழம்புக் கரண்டியால் மொண்டால் ருசி தெரியும், ரசம் மிஞ்சாது. அளப்பவர் எடுத்துக்கொள்வதே அளக்கப்படுவதைக் கெடுத்துவிடுகிறது. கருவி சிக்னலிலிருந்து எவ்வளவு குறைவாக மின்சாரம் எடுக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு உள்ளீட்டு இம்பீடன்ஸ் என்று பெயர். மாறுமின்சாரத்துக்குக் காட்டும் மொத்த எதிர்ப்பு, ஓம் கணக்கில். அதிகமாக இருக்க இருக்க நல்லது.

தோலின் பக்கமும் ஓர் எதிர்ப்பு இருக்கிறது. நாளெல்லாம் ஏர்கான் அறையில் உட்கார்ந்து காய்ந்த தோலில் அது 100 கிலோஓமைத் தாண்டிவிடும். லேசாகத் தேய்த்துத் துடைத்து, ஜெல் உள்ள எலெக்ட்ரோடு ஒட்டினால் 10 கிலோஓமுக்குக் கீழே இறங்கும். அளவுப்பெட்டிகளில் பெயர் பெற்றவை சிலவற்றின் உள்ளீடு வெறும் 144 கிலோஓம்தான். சென்சாரிலிருந்து வலுவான சிக்னல் வரும்போது அது தாராளம். தோலில் 50 கிலோஓம் இருக்கும்போது அதை மாட்டினால் சிக்னலில் கால்பங்கு அங்கேயே போய்விடும்.

கால்பங்கு போனால்கூடப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. வலது கையில் 10 கிலோஓம், இடது கையில் சரியாக ஒட்டாமல் 50 கிலோஓம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 40 கிலோஓம். உள்ளீடு 10 மெகாஓம், அதாவது 10,000 கிலோஓம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்த 50 ஹெர்ட்ஸ், ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம் இழந்து உள்ளே போகிறது. மின்தூக்கியில் நின்ற இருவரில் ஒருவருக்குக் காலடிப் பலகை சாய்ந்துவிட்ட மாதிரி. 40 கிலோவை 10 மெகாவால் வகுத்தால் ஆயிரத்தில் நான்கு. பொதுவாக 1 வோல்ட் வந்தால் 4 மில்லிவோல்ட் "வித்தியாசம்" என்று வேடம் போட்டு நுழையும். இதயத்தைப் போல நான்கு மடங்கு! பெருக்கியின் சிஎம்ஆர்ஆர் 120 டெசிபெல் இருந்தாலும் இதை ஒன்றும் செய்ய முடியாது. பெருக்கிக்கு வந்து சேர்வதே வித்தியாசமாகத்தான் வந்து சேர்கிறது. உள்ளீடு 1 கிகாஓமாக (1,000 மெகாஓம்) இருந்தால் அதே கோளாறு 40 மைக்ரோவோல்ட்டாகச் சுருங்கும்.

அதுசரி, தரவுத்தாளில் 1 கிகாஓம் என்று பார்த்தவுடன் பணத்தை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் மாறாத மின்சாரத்துக்கான எண். உலோக உறை போட்ட ஒயர் ஒரு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் அளவில் மின்தேக்கியாக நடந்துகொள்ளும். 50 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 32 மெகாஓம். கிகாஓம் சில்லு வாங்கி, ஒரு மீட்டர் ஒயரை மாட்டி, நீங்களே அதை 32 மெகாஓம் ஆக்கிவிடலாம். அதனால் ஒயர் குட்டையாக இருக்கட்டும், இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். விலை கூடிய கருவிகளில் எலெக்ட்ரோடின் முதுகிலேயே ஒரு குட்டிப் பெருக்கி இருக்கும். ஒயருக்குள் போகும் முன்பே சிக்னல் பலமாகிவிடும்.

இங்கே என் அனுபவம் ஒன்று. ஒரு கருவியை விற்ற இடத்தில் "இம்பீடன்ஸ் எவ்வளவு" என்று கேட்டேன். "ரொம்ப ஹை சார்" என்றார்கள். எண் என்ன, எத்தனை ஹெர்ட்ஸில் என்று இரண்டு முறை எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. வாங்கிய பிறகு நானே அளந்து பார்த்து நொந்துகொண்டேன். எண் சொல்லாதவரிடம் வாங்குவதில்லை என்று அன்றைக்கு வைத்த பழக்கம் இன்றும் தொடர்கிறது.

மூன்றாவது ஒயர்

ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த ஒயரைக் காட்டி, "இதை ஏன் மாட்டலை?" என்று கேட்டேன். "வித்தியாசம்தானே எடுக்கிறோம், அதுக்கு ரெண்டு போதுமே?" என்றாள். நியாயமான கேள்வி. மின்தூக்கிக் கதை மட்டும் தெரிந்திருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

கழிக்கும் வேலைக்கு இரண்டு போதும். ஆனால் பெருக்கிக்கும் ஒரு வீச்சு இருக்கிறது. உடல் இரண்டு வோல்ட் ஏறி இறங்கினால் பெருக்கியும் அதன் பின்னாலேயே ஏறி இறங்க வேண்டும். கட்டிப்போடாத படகு மாதிரி உடல் மிதந்தால் சிக்னல் வீச்சுக்கு வெளியே போய்விடும். மூன்றாவது ஒயர் உடலையும் கருவியையும் ஒரே தரையில் நிறுத்துகிறது. நல்ல கருவிகளில் அது இன்னும் ஒன்று செய்யும். இரண்டு கையிலும் பொதுவாக வரும் 50 ஹெர்ட்ஸைப் பார்த்து, அதைத் தலைகீழாகத் திருப்பி, மூன்றாவது எலெக்ட்ரோடு வழியாக உடலுக்கே அனுப்பும். ஏறும்போது இறக்கும், இறங்கும்போது ஏற்றும். இதயத்தை அளக்கும்போது வழக்கமாக வலது காலில் இதை மாட்டுவதால் வலதுகால் இயக்கி என்று இதற்குப் பெயர். ஏடி8232, ஏடிஎஸ்1299 இரண்டிலும் இது உள்ளேயே இருக்கிறது. வாங்கும் பலகையில் இது இல்லையென்றால் வேறு பலகை பாருங்கள்.

கணினியில் 50 ஹெர்ட்ஸை வெட்டியெறியும் வடிகட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, கடைசியில் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் எழுதிய மென்பொருளில் அது 60இல் நிற்கலாம், அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இங்கே 50க்கு மாற்ற வேண்டும். ஆனால் முன்பெருக்கி ஏற்கெனவே நிரம்பிவிட்டால் எந்த வடிகட்டியாலும் மீட்க முடியாது. கருகிய குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றிய கதைதான்.

எவ்வளவு வேகமாக எடுப்பது?

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்பது சாம்பிள் வேகம். சிக்னலில் உள்ள மிக வேகமான அசைவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி, நடைமுறையில் மூன்று நான்கு மடங்கு வைப்பது நல்லது. மூளைக்கும் சாதாரண இதயப் பதிவுக்கும் நொடிக்கு 250 முதல் 500. தசைக்கு 1,000க்குக் குறையக் கூடாது, அதன் சிக்னல் 500 ஹெர்ட்ஸ்வரை போகும்.

குறைத்தால் என்ன ஆகும்? தசையின் 300 ஹெர்ட்ஸ் அசைவை நொடிக்கு 250 என்று அளந்தால் திரையில் அது 50 ஹெர்ட்ஸாகத் தெரியும். வீட்டு மின்சாரம் என்று நினைத்து ஊரெல்லாம் தேடுவீர்கள். இந்த மாறுவேடத்தைத் தடுக்க ஏடிசிக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

பல சேனல் கருவி, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட சிக்னலைச் சேர்த்து அளக்கும் கருவி வாங்குகிறவர்களுக்கு மட்டும் இன்னொன்று. ஒரே ஏடிசி ஒவ்வொரு சேனலாக மாறி மாறி அளக்கும் பெட்டிகள் உண்டு. சாம்பாரில் விட்ட கரண்டியைக் கழுவாமல் பாயசத்தில் விட்டது போல, முந்தைய சேனலின் எச்சம் அடுத்ததில் ஒட்டும். தோல் மாதிரி எதிர்ப்பு அதிகமான இடத்திலிருந்து சிக்னல் வரும்போது இது நன்றாகவே தெரியும். சேனலுக்கு ஒரு ஏடிசி இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

முப்பது மில்லிஆம்பியர் காப்பாற்றாது

அவளுடைய மடிக்கணினி சார்ஜரில் செருகியிருந்தது என்று சொன்னேன் அல்லவா? முதலில் அதைத்தான் பிடுங்கினேன். 50 ஹெர்ட்ஸ் அந்த வழியாகவும் வருகிறது, ஆனால் என் பயம் அது அல்ல. உலோக மடிக்கணினி சார்ஜ் ஏறும்போது அதன் மேல் கையைத் தடவினால் சில சமயம் விறுவிறுவென்று இருக்கும். சார்ஜர் வழியே ஒழுகும் சின்ன மின்சாரம் அது. அந்தக் கணினியோடு யூஎஸ்பியில் கட்டிய பலகை, பலகையோடு கட்டிய ஒயர், ஒயரின் முனையில் ஜெல் தடவித் தடையைக் குறைத்த தோல், இரண்டு கைக்கும் நடுவில் இதயம்.

"வீட்டில்தான் ஆர்சிசிபி இருக்கே மாமா" என்றாள். இருக்கிறது. 1985க்குப் பிறகு வந்த வீடுகளில் அது கட்டாயம், 2023 ஜூலையிலிருந்து பழைய வீடுகளையும் விதி சேர்த்துக்கொண்டது. மின்சாரம் ஒழுகினால் இணைப்பைத் துண்டிக்கும் அந்தப் பொத்தான் வேலை செய்வது 30 மில்லிஆம்பியரில். மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601 தரம், இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கருவியிலிருந்து சாதாரண நிலையில் ஒழுகலாம் என்று அனுமதிப்பது 10 மைக்ரோஆம்பியர். உடலில் மேலோட்டமாகத் தொடும் வகைக்கு 100. ஆர்சிசிபி விழித்துக்கொள்ளும் அளவு அதைப் போல 300 மடங்கு.

ஆகவே பேட்டரியில் ஓடும் கருவியாகப் பாருங்கள், தரவை புளூடூத்தில் அனுப்பினால் இன்னும் நல்லது. யூஎஸ்பி ஒயர்தான் என்றால் மின்சாரத்தைக் கடத்தாமல் தகவலை மட்டும் கடத்தும் மருத்துவத் தர யூஎஸ்பி ஐசலேட்டர் ஒன்று நடுவில் வேண்டும். கணினி பேட்டரியில் ஓட வேண்டும். எச்டிஎம்ஐ திரை, பிரிண்டர் என்று சுவரோடு தொடர்புள்ள எதுவும் அதில் செருகியிருக்கக் கூடாது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இந்தப் பலகைகள் நோய் கண்டுபிடிக்க அல்ல. இங்கே மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்துவது சுகாதார அறிவியல் ஆணையம். வகுப்புத் தோழர்கள் மேல் ஒட்டி ஆராய்ச்சி செய்வதானால் முன்கூட்டியே விரிவுரையாளரிடம் நெறிமுறை அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். மனித உயிர்மருத்துவ ஆய்வுக்கு 2015இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.

அப்போ எதை வாங்குவது?

இதயத் துடிப்பு மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஏடி8232 உள்ள சின்னப் பலகையும் எந்த அர்டுயினோவும் போதும். அதற்கு மேல் செலவு செய்வது வீண். தசைக்கு, முன்பெருக்கியோடு வரும் பலகை, நொடிக்கு ஆயிரத்துக்கு மேல் எடுக்கும் ஏடிசி. மூளைக்கு மட்டும் கஞ்சத்தனம் பலிக்காது. ஏடிஎஸ்1299 அல்லது அதற்குச் சமமான ஒன்றை வைத்துச் செய்த கருவிதான் என்று முடிவு செய்துகொண்டு, பணம் சேரும்வரை பொறுத்திருக்கலாம். தொழிற்சாலைப் பெட்டி ஏற்கெனவே கையில் இருக்கிறதா? அதைத் தூக்கிப் போட வேண்டாம். முன்னால் ஒரு நல்ல முன்பெருக்கியைச் சேர்த்தால் அதுவும் பிழைக்கும்.

வந்தவுடன் உடம்பில் ஒட்டாதீர்கள். எல்லா உள்ளீடுகளையும் பலகையின் தரைமுனையோடு ஒரு சின்ன ஒயரால் சேர்த்துக் கட்டி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். அங்கே தெரியும் ஆட்டம் கருவியின் சொந்த இரைச்சல். அது தேடும் சிக்னலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் திருப்பிவிடலாம்.

அக்கா மகள் வாங்கியது எந்த முன்பெருக்கியும் இல்லாத வெறும் ஏடிசிப் பலகை. மூன்றாவது ஒயர் சாதாரணத் தரை ஒயர்தான். அடுத்த சனிக்கிழமை இருவரும் சிம் லிம் டவர் போய் ஒரு ஏடி8232 பலகையும் ஒரு பொட்டலம் ஜெல் எலெக்ட்ரோடும் தேடி எடுத்தோம், தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினோம். மணிக்கட்டை ஈரத்துணியால் தேய்த்துத் துடைத்தாள், மூன்றையும் ஒட்டினாள், சார்ஜரைப் பிடுங்கினாள். திரையில் கோடு ஒரு முறை நெளிந்து அடங்கியது, அப்புறம் சின்ன மேடு, கூரான சிகரம், பின்னால் ஒரு தட்டை மேடு. நிமிடத்துக்கு 78.

"மூவாயிரத்திலிருந்து எழுபத்தெட்டா, ரொம்ப இறங்கிட்டியே" என்றேன். அவள் சிரித்தாள். சிரித்த உடனே கோடு முழுக்கப் புதர் மாதிரி ஆகிவிட்டது. பதறிப்போய் ஒயரைப் பார்த்தாள். "ஒயர்ல ஒண்ணுமில்லை" என்றேன். தோளும் கையும் குலுங்கியதில் தசையின் மின்சாரம் புகுந்திருக்கிறது. அவள் புராஜெக்டுக்கு அடுத்து அளக்க வேண்டியதே அதுதான்.